பையை எடுக்கப் போகும் நண்பனுக்கு

அன்பின் மச்சான்,

சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்ததை வாசித்ததும் பெரிய சந்தோஷம், கூடவே கொஞ்சம் பயமும் வந்தது, ஏனென்றால் குடலைத் திரும்ப உள்ளே இணைத்து, வயிற்றில் மலம் விழ மாட்டியிருக்கும் பையை எடுத்துவிட்டால் அடுத்த கிழமையே பழையபடி வேலைக்குப் போய்விடலாம் என்று நீ நினைத்திருப்பது போலத் தெரிகிறது. அப்படி நடக்காது. எனக்கு எல்லாம் முடிந்து வருடம் திரும்பிவிட்டது, இப்போது நன்றாகவே இருக்கிறேன், ஆனால் அந்த முதல் மாதங்கள் எப்படியிருக்கும் என்று ஒருவரும் விவரமாகச் சொல்லித்தரவில்லை. அதனால் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் எழுதுகிறேன். உன் மனைவிக்கும் வாசிக்கக் கொடு.

முதலில் அந்த ஹேர்னியா. பைக்குப் பக்கத்தில் வீக்கம் பெருத்துக்கொண்டே போகிறது என்றாய். குடலை வெளியே எடுக்க வயிற்றுத் தசையில் வழி விட்டார்கள் அல்லவா, அந்த வழி நாளடைவில் தளர்ந்து, பக்கத்தால் இன்னும் கொஞ்சம் குடல் தள்ளிக்கொண்டு வரும். பை போட்ட நிறையப் பேருக்கு இது வருகிறது, நீ ஏதோ பிழை விட்டுத்தான் வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்காதே. குடலைத் திரும்ப இணைக்கும்போதே அந்த இடத்தையும் பெரும்பாலும் தைத்து மூடிவிடுவார்கள். தளர்ந்த தசையைத் தாங்க உள்ளே வலை (மெஷ்) வைப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள். குடலைத் திறக்கிற இடத்தில் கிருமி தொற்றலாம் என்று சில வைத்தியர்கள் வலை வைக்கத் தயங்குவார்கள், சிலர் வைப்பார்கள், உன் உடம்பைப் பார்த்து அவர்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஒன்று, அந்த வீக்கம் படுத்தாலும் உள்ளே போகாமல் கல்லுப்போல இறுகி, நோவு கூடி, வாந்தியும் வந்து, பையில் ஒன்றும் விழாமல் நின்றுவிட்டால் திகதி வரட்டும் என்று இருக்காதே. நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போ.

சிகரெட்டை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். காயம் ஆறுவதற்கும் அது முக்கியம், இருமல் இல்லாமல் இருப்பதற்கும் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு இருமலும் புதுத் தையலைத்தான் இழுக்கும். தினமும் நட. மலவாசல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இப்போதே தொடங்கு, பை எடுத்த பிறகு உனக்குக் கைகொடுக்கப் போவது அதுதான். வவுனியா வெயிலுக்குப் பை தண்ணியாக நிரம்பினால் வெறும் தண்ணீர் மட்டும் குடிக்காமல் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் குடி. முதல் சத்திரசிகிச்சையில் மலக்குடலில் போட்ட இணைப்பு ஒழுகாமல் இருக்கிறதா என்று பின்பக்கத்தால் மருந்து ஏற்றிப் படம் எடுக்கச் சொல்லுவார்கள், அதற்குப் பயப்படாதே, பெரிதாக நோகாது.

வார்ட்டில் இருக்கும் நாட்களில் எல்லாரும் காத்திருப்பது ஒன்றுக்குத்தான், காற்றுப் பிரிவதற்கு. சிலருக்குக் குடல் சோர்ந்துபோய் வயிறு ஊதி, வாந்தி வந்து, மூக்கால் குழாய் போடவும் நேரிடும், அது தற்காலிகம்தான். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள ஐயா இருந்தார், அவருக்கும் வயிற்றில்தான் வெட்டு. எனக்கு இருமல் வருவது போலிருந்தால் உடனே தன் தலையணையைத் தூக்கித் தன் வயிற்றில் அணைத்துக் காட்டுவார், நானும் அப்படியே பிடித்துக்கொண்டு இருமுவேன். கட்டிலால் எழும்பும்போது நேரே நிமிராமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, காலைக் கீழே விட்டு எழும்ப வேண்டும் என்பதையும் அவரே செய்து காட்டினார். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் சொற்பம்தான், ஆனால் அந்த மனுசனை நான் மறக்க மாட்டேன்.

பை இருந்த இடத்தை முழுதாக மூடாமல் சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள், அது உள்ளிருந்து ஆறி வரட்டும் என்று. பார்த்துத் திடுக்கிடாதே, மருந்து கட்டிக்கொண்டு வந்தால் தானாக மூடும். காய்ச்சல் வந்தாலோ வயிற்று நோவு கூடிக்கொண்டே போனாலோ மட்டும் தாமதிக்காமல் காட்டு.

கஷ்டமான பகுதி வீட்டுக்கு வந்த பிறகுதான், மச்சான். உனக்கும் எனக்கும் மலக்குடலில் வெட்டி இணைத்தது, அது முன்போல மலத்தைச் சேர்த்து வைத்திருக்காது. போய்விட்டு வந்து உட்கார முன்னமே திரும்பப் போக வேண்டும், ராத்திரி நித்திரை குழம்பும், அடக்கவும் முடியாது, தோல் எரிந்து உட்காரவே ஏலாது. கடதாசியால் துடைக்காதே, தண்ணியால் கழுவி, மெல்லிய துணியால் ஒத்தி, துத்தநாகக் களிம்பு பூசு. வைத்தியர் சம்மதித்தால் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் லோபரமைட் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுத்தால் கட்டுப்படும். எனக்குக் குழைந்த வெள்ளைச் சோறும், வாழைப்பழமும், உறைப்பில்லாத சொதியோடு வெள்ளை இடியப்பமும் ஒத்துக்கொண்டன. மிளகாய்த்தூள் கறியும் பொரியலும் கோப்பியும் உடனே வேலையைக் காட்டின. காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறவே அப்போது எனக்குத் துணிவு வரவில்லை, சாயங்காலம் மரைன் டிரைவில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி விடுவேன். மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. குறைந்தது என்பதுதான் உனக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி.

பாரம் தூக்கும் விஷயத்தில் உன்னோடு சண்டையே பிடிப்பேன். ஆறு, எட்டுக் கிழமைக்கு 5 கிலோவுக்கு மேல் ஒன்றும் தூக்காதே, ஹேர்னியாவும் தைத்தால் இன்னும் கூட நாள் சொல்லக்கூடும். கிணற்றில் தண்ணி அள்ளுவதும் காஸ் சிலிண்டர் தூக்குவதும் மகனுடைய வேலை. மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணுவதும் வேண்டாம்.

இங்கே எல்லாரும் சுகம். மகள் ஏ.எல். படிப்பில் மூழ்கிப்போயிருக்கிறாள். பக்கத்துக் காணியிலும் மாடிவீடு எழும்பிவிட்டது, இப்போது எங்கள் ஜன்னலால் கடல் தெரிவதில்லை, ரயில் சத்தம் மட்டும் கேட்கும்.

ஆஸ்பத்திரியால் விட்டதும் நேரே வவுனியாவுக்குப் போகாதே. எங்கள் முன்னறையோடு சேர்ந்தே குளியலறை இருக்கிறது, படி ஏறவும் தேவையில்லை, மனைவி அதை உங்கள் இரண்டு பேருக்கும் ஒதுக்கிவிட்டாள். தையல் ஆறி, கிளினிக் முடிந்து, பிறகு போகும்போதும் பஸ் வேண்டாம், ரயிலில் போ, அதில் கழிப்பறை இருக்கும். நான் கோட்டை ஸ்டேஷன் வரை வந்து பெட்டியைத் தூக்கி வைக்கிறேன். அட்மிட் ஆகிற நாளையும் வார்ட் இலக்கத்தையும் மறக்காமல் அறிவி.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து
உன் நண்பன்