அரைக்கால் என்பது முக்கால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பகுதியில் வந்த பின்ன எண்கள் கட்டுரையில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும்.

உடம்பிலுள்ள காலுக்கும் 1/4 என்னும் காலுக்கும் ஒலி மட்டுமே ஒன்று, உறவில்லை என்கிறது கட்டுரை. அது சரியல்ல. மாட்டுக்கும் கட்டிலுக்கும் கால் நான்கு. நான்கில் ஒன்று கால். மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே சொல்லுக்கு இதே இரண்டு பொருளும் உண்டு. வடமொழியின் 'பாத'மும் அடியையும் நாலில் ஒரு பங்கையும் குறிக்கும். தாங்கி நிற்பதும் கால்தான்: நம் பக்கத்து வீடுகளின் நிலைக்கால், கல்யாணத்துக்கு ஊன்றும் முகூர்த்தக்கால். 496ஆம் குறளின் 'கால்வல் நெடுந்தேர்' என்பதில் கால் தேர்ச் சக்கரத்தைக் குறிக்கும். அந்தக் காலையும் கண்மாய் வரத்துக்காலையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். சக்கரத்தையும் நீரோடும் காலையும் சொல்லாய்வாளர்கள் தனித்தனிச் சொற்களாகவே வைக்கிறார்கள்.

அடுத்ததுதான் பெரிய பிழை. அரையும் காலும் சேர்ந்தது 'அரைக்கால்', ஆகவே 3/4 என்று அச்சாகியிருக்கிறது. அரைக்கால் என்பது காலில் பாதி, 1/8. தமிழ்ப் பின்னங்களில் கூட்டலுக்கு நடுவே ஏகாரம் வரும்: ஒன்றேகால் என்றால் 1 1/4, அரையே அரைக்கால் என்றால் 5/8. ஒன்றரை, இரண்டரை போன்றவை விலக்கு; ஆனால் அரைக்கால், முக்கால் போல ஏகாரம் இல்லாமல் காலோடு ஒட்டி நின்றால் பெருக்கல். செட்டிநாட்டு வீடுகளில் பழைய பேரேடுகளைப் பிரித்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஓர் எழுத்து முக்கியம். முகத்தலளவை வாய்பாட்டில், தானியம் அளக்கும் ஒரு படிக்கு 8 ஆழாக்கு. கால் படி என்பது 2 ஆழாக்கு, அதாவது ஓர் உழக்கு. அரைக்கால் படி 1 ஆழாக்கு. கட்டுரை சொல்கிறபடி படித்தால் அதே 1 ஆழாக்கு 6 ஆழாக்காகிவிடும், அந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகை எங்கேயும் ஒத்துவராது. மரக்காலிலும் ஏமாறக் கூடாது: அது காற்பங்கு அல்ல, வாய்பாட்டில் 8 படி; ஊருக்கு ஊர் கொள்ளளவு மாறும். அரைக்கால் சட்டையிலோ கால் என்பது உறுப்பேதான், பின்னமல்ல.

இன்னொன்று, கட்டுரை குறியீடுகளைத் தொடவே இல்லை. காலுக்கான குறி 'வ' போலவும், எட்டுக்கான குறி 'அ' போலவும் இருக்கும். 8 1/4 என்று எழுதினால் பார்வைக்கு 'அவ' என்றே தெரியும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்றது 'அவலட்சணமே' என்ற வசையானது இப்படித்தான். பேரேட்டில் தொகையின் கடைசியில் 'வ' நின்றால் அதை எழுத்தாகக் கொண்டு முன்பின் சொல்லோடு சேர்த்துப் படிக்காமல், கால் என்று கணக்கில் ஏற்ற வேண்டும்.

வாய்பாட்டை மனப்பாடம் செய்யத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக, அடுத்த இதழிலேயே அரைக்கால் = 1/8 என்று திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் (ஓய்வு),
தேவகோட்டை