கச்சான் காற்றுக் காலத்தில் குப்பை கொளுத்துகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வளவில் குப்பை கொளுத்துவதைப் பற்றி ஒரு கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போன ஆடி மாதம் பக்கத்து வீட்டு மாமியின் கிடுகு வேலியை எரித்தவன் நான்தான், அதனால் எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

நடந்தது இதுதான். மாமரத்துக் கொப்புகளை வெட்டி ஒரு மாதமாக வளவின் மூலையில் போட்டு வைத்திருந்தேன், அதோடு காவோலை, பொச்சுமட்டை, கூட்டி அள்ளிய சருகு எல்லாம் சேர்ந்து இடுப்பளவு வந்துவிட்டது. காற்று எழும்ப முதல் முடித்துவிட வேண்டும் என்று விடிய ஆறரைக்கே பற்ற வைத்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் எரிந்து அடங்கிவிட்டது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், சர்ரென்று ஆவி பறந்தது, மேலே கறுப்பாகிவிட்டது, சரி அணைந்தது என்று உள்ளே போய்விட்டேன். அன்று முழுக்க ஒன்றும் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கச்சான் சுழற்றிச் சுழற்றி அடிக்கிறது, மாமி வேலிக்கு மேலால் கூப்பிடுகிறார்: "தம்பி, உங்கட மூலையில புகையுது, என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்க்கப் போன நேரம் கிடுகு பற்றிவிட்டது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடினால் பத்தடி குறைகிறது. கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றி, முன்வீட்டுப் பொடியன்களும் ஓடி வந்து மண் அள்ளி எறிந்துதான் அணைத்தோம். அதற்குள் நான்கு பாகம் நீளத்துக்கு வேலி போய்விட்டது, மாமியின் முருங்கை ஒரு பக்கம் கருகிவிட்டது. மாமி ஒரு வார்த்தை ஏசவில்லை. "வேலிய விடுங்கோ, முருங்கைதான் பாவம்" என்றார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு மண்வெட்டியால் கிண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான் கொளுத்திய இடத்துக்குக் கீழே பழைய தென்னங்குற்றி ஒன்று மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. நெருப்பு அதில் ஏறி, வேரோடு வேராக ஊர்ந்து, வேலிக் கால் வரைக்கும் போயிருக்கிறது. பொச்சும் குற்றியும் சுவாலை விட்டு எரியத் தேவையில்லை, கொஞ்சக் காற்று கிடைத்தாலே போதும், உள்ளுக்குள் தணலாக ஒரு நாள் இரண்டு நாள் கிடக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீரும் சாம்பல் படையோடு நின்றுவிடுகிறது, கீழே இருக்கும் தணலுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஊற்ற வேண்டும், மண்வெட்டியால் புரட்ட வேண்டும், திரும்ப ஊற்ற வேண்டும், கஞ்சி மாதிரிச் சேறாகும் வரைக்கும். அதன்பிறகு புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் ஒரு வாளி. மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவது மட்டும் வேண்டாம், அது தணலைப் பொத்தி வைத்துக் காப்பாற்றுகிற வேலை. தெரியாமல் மிதிக்கிற பிள்ளையின் காலையும் நினையுங்கள்.

எரிக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது சரிதான், 2017 செப்டம்பரில் வந்த வர்த்தமானி ஒழுங்குவிதிகளிலேயே பிளாஸ்டிக் உட்படக் குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது தடை. ஆனால் அதே 2017இல்தான் கிண்ணியாவில் டெங்கு வந்து ஆட்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். வளவைத் துப்புரவாக வைத்திருக்கச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வருகிறார், குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் கொப்புகளை ஏற்றாது என்கிறது, ஆட்கள் நெருப்புப்பெட்டியை எடுக்கிறார்கள். உவர்மலையிலிருந்து பின்னேரம் பார்த்தால் உப்புவெளிப் பக்கம் எத்தனை இடத்தில் புகை எழும்புகிறது என்று எண்ணலாம். ஆகவே எரிக்காதீர்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. முதலில் உங்கள் பகுதிப் பிஎச்ஐயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சருகையும் பச்சை இலையையும் கிடங்கு வெட்டிப் போட்டால் உக்கிப் பசளையாகும், வாழைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. பச்சையை நெருப்பில் போட்டால் புகைதான் வரும், பக்கத்தில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் அன்று இரவு அவருக்கு நித்திரை இல்லை. மிஞ்சுவது காய்ந்த கொப்பும் காவோலையும்தான். அதிலும் அடுப்புக்கு ஆகக்கூடியதை 2022இல் காஸ் இல்லாமல் அலைந்தவர்கள் யாரும் வீணாக எரிக்க மாட்டார்கள்.

நேரம் முக்கியம். கச்சான் காலத்தில் விடியற்காலை அமைதியாக இருக்கும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், கடற்கரைப் பக்கம் மத்தியானத்தில் திசையும் மாறலாம், அதனால் காலையில் புகை போன பக்கத்தை வைத்துப் பின்னேரத்துக்குக் கணக்குப் போட முடியாது. என்னைக் கேட்டால் ஆனி, ஆடி, ஆவணியில் தொடவே வேண்டாம். நம்மவர்கள் சொக்கப்பனை கொளுத்துவது கார்த்திகையில், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது. காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் நெருப்புக்கு அது நல்ல மாதம்.

குவியலைச் சேர்த்த இடத்திலேயே கொளுத்தாதீர்கள். ஒரு மாதம் கிடந்த குவியலுக்குள் ஓணான் இருக்கும், சாரைப் பாம்பு இருக்கும், சில நேரம் பூனை குட்டி போட்டிருக்கும். தடியால் கிளறி, வேலிக்கும் மரத்துக்கும் எட்டத்தில், செதுக்கித் துப்புரவாக்கிய வெறும் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். முழங்காலளவுக்கு மேல் குவிக்க ஒரு தேவையும் இல்லை. அண்ணாந்தும் பாருங்கள், எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மின்கம்பிக்குக் கீழே கொளுத்தி, பைபர் கேபிள் உருகி, நான்கு வீட்டுக்கு மூன்று நாள் இன்டர்நெட் இல்லை. வேலி எரித்த எனக்குக் கிடைக்காத ஏச்சையெல்லாம் அவர் வாங்கினார்.

பெட்ரோல் ஊற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வது? அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு பரவி நீங்கள் நிற்கிற இடம் வரைக்கும் வரும், குச்சியைக் கிழித்ததும் முதலில் பிடிப்பது உங்கள் சாரமாக இருக்கும். எரிகிற நெருப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அந்த ரகம்தான். காய்ந்த பன்னாடையும் தென்னோலையும் இருக்கும் ஊரில் எண்ணெய் எதற்கு? நைலோன் நைட்டியோடு நெருப்புக்குக் கிட்டப் போகாதீர்கள், அது உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி உடுப்புப் போதும். சுட்டுவிட்டால் பற்பசை, முட்டை ஒன்றும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், பெரிய காயமென்றால் அம்புலன்ஸுக்கு 1990 எடுங்கள். நெருப்பு கைமீறினால் தீயணைப்புப் படைக்கு 110. இரண்டையும் கொளுத்த முதலே போனில் பதிந்து வையுங்கள்.

சொப்பிங் பை, யோகட் கப், வாசனை ஸ்பிரே டின், பற்றரி இவற்றைப் போடக் கூடாது என்பது தெரிந்ததுதான், டின் வெடிக்கும் என்பது தெரிந்தும் போடுகிறார்கள். தெரியாத ஒன்று அலரி. வெட்டிய அலரிக் கொப்பை நெருப்பில் போடாதீர்கள், அதன் புகையும் நஞ்சு.

குழாயை முதலிலேயே இழுத்து எட்டுகிறதா என்று பாருங்கள். எனக்குக் குறைந்த அந்தப் பத்தடியை இப்போது வாங்கிப் பொருத்திவிட்டேன். மாமி இந்த முறை கிடுகு கட்டவில்லை, தகரம் அடித்துவிட்டார். செலவில் பாதி என்னுடையது, மற்றப் பாதியை எவ்வளவு கெஞ்சியும் வாங்க மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.