ஒன்பதாம் இடத்துக்கு இவ்வளவு விலையா? சிகாகோ புல்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் (உரிமையாளர்), மைக்கேல் ரைன்ஸ்டார்ஃப் (தலைவர்), ஆர்ட்டூரஸ் கார்னிஷோவஸ் (அணியைக் கட்டும் பொறுப்பிலுள்ள நிர்வாகி)
அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் 2025-26 பருவம் தொடங்கவிருக்கும் இவ்வேளையில், தங்கள் அணியைத் தொலைவிலிருந்து பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் ஓர் இரசிகன் இம்மடலை எழுதுகிறேன். பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபை நோக்கி ஓட வேண்டுமா, அல்லது தோல்விகளைத் தாங்கிக்கொண்டு, புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் உயர்ந்த இடத்தைத் தேட வேண்டுமா என்று சிகாகோ இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். இரண்டு கட்சியும் தங்கள் மீது வைக்கும் குற்றச்சாட்டு மட்டும் ஒன்றே: தாங்கள் இரண்டில் எதையும் செய்யவில்லை. நான் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஆனால் வேண்டுமென்றே தோற்க வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை. அதற்கான காரணம் தங்கள் அணியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2022-23இல் 40 வெற்றி, 42 தோல்வி. அடுத்த ஆண்டு 39-43. அதற்கடுத்த ஆண்டும் அதே 39-43. மூன்று பருவங்களிலும் கிழக்குப் பிரிவில் ஒன்பதாம் அல்லது பத்தாம் இடத்தில் முடித்து, பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காக மோதும் பிளே-இன் சுற்றுக்குத் தகுதி பெற்றோம். மூன்று முறையும் மயாமி ஹீட் அணியிடம் தோற்று வெளியேறினோம். கடைசித் தோல்வி, 2025 ஏப்ரல் 16 அன்று, சொந்த மைதானமான யுனைடெட் சென்டரில் 109-90 என்ற கணக்கில் நேர்ந்தது. அன்று இடைவேளைக்கு முன்பே ஆட்டம் கைநழுவிவிட்டது. பிளேஆஃபில் ஒரு சுற்றை நாம் கடைசியாக வென்றது 2015இல், மில்வாக்கிக்கு எதிராக.

இந்த மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மறந்து பேசுவது தங்களுக்கு நியாயம் செய்வதாகாது. 2021 கோடையில் டிமார் டிரோசனும் லான்சோ பாலும் வந்து சேர்ந்தபோது, அந்த அணி வெல்வதற்காகவே கட்டப்பட்ட அணியாக இருந்தது. 2022 ஜனவரியில் பாலின் முழங்கால் கெட்டு அவர் இரண்டு முழுப் பருவங்களுக்கு மேல் ஆட முடியாமல் போகும் வரை, கிழக்குப் பிரிவில் முதலிடத்துக்குப் போட்டியிட்ட அணியும் அதுதான். ஒரு முழங்காலைக் குறித்து நிர்வாகத்தைக் குறைசொல்ல முடியாது. அந்த முழங்கால் கெட்ட பிறகு வந்த, அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடுகளுக்கான காலக்கெடுக்களைக் குறித்துச் சொல்லலாம். 2022, 2023, 2024 ஆகிய மூன்று பிப்ரவரிகளிலும் தாங்கள் ஒரே ஒரு டிரேடு கூடச் செய்யவில்லை. வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

இந்நிலையில்தான் தோற்றுவிடுங்கள் என்ற குரல் வலுத்தது. அந்தக் குரலின் தர்க்கம் எளியது. பிளேஆஃபை எட்டாத அணிகளின் டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலான லாட்டரியில், முதல் தேர்வு, அதாவது முதலாவதாக ஓர் ஆட்டக்காரரை எடுக்கும் உரிமை, கிடைக்க லீக்கில் மிக மோசமான பதிவு கொண்ட மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 39 வெற்றி பெற்ற அணிக்கு இரண்டு விழுக்காடு கூடக் கிடையாது. அடுத்த ஆண்டு டிராஃப்டில் ஏ.ஜே. டிபான்ட்சா, டேரின் பீட்டர்சன், கேமரன் பூசர் என்று மூன்று இளைஞர்களின் பெயர்கள் இப்போதே அடிபடுகின்றன. ஆகவே இந்தப் பருவத்தைக் கைவிட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகாகோ இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 2017இல் ஜிம்மி பட்லரை மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டு மூன்று பருவங்கள் அடிமட்டத்தில் கிடந்தோம்: 27 வெற்றி, 22 வெற்றி, பெருந்தொற்றால் சுருங்கிய பருவத்தில் மறுபடியும் 22 வெற்றி. 2018இல், உடல்நலத்தோடு இருந்த ராபின் லோப்பஸையும் ஜஸ்டின் ஹாலிடேயையும் உட்கார வைத்ததற்காக லீக்கிடமிருந்து எச்சரிக்கை கூட வாங்கினோம். அந்த அவமானத்துக்கெல்லாம் கிடைத்த தேர்வுகள் முறையே 7, 7, 4. வெண்டல் கார்ட்டர், கோபி வைட், பாட்ரிக் வில்லியம்ஸ். நல்ல ஆட்டக்காரர்கள்தாம், ஆனால் லூக்கா டான்சிச்சும் ஜா மொரான்ட்டும் வேறு அணிகளுக்குப் போனார்கள், 2020இல் நாம் நான்காவதாகத் தேர்ந்தெடுத்தபோது கிடைக்கக்கூடியவராக இருந்த டைரீஸ் ஹாலிபர்ட்டன் பன்னிரண்டாம் இடம் வரை இறங்கிச் சாக்ரமெண்டோவைச் சேர்ந்தார். அதற்கும் முந்தைய காலத்தை, மைக்கேல் ஜோர்டன் போன பிறகு 1999 முதல் 2004 வரை ஆறு பருவங்கள் பிளேஆஃபை எட்டிக்கூடப் பாராமல் கழிந்த காலத்தை, பழைய இரசிகர்களிடம் கேட்டால் இன்னும் முகம் சுளிப்பார்கள். 2000-01இல் 15 ஆட்டங்களை மட்டுமே வென்றோம்.

லாட்டரியும் முன்போல இல்லை. 2019இலிருந்து முதல் நான்கு இடங்கள் குலுக்கலில் முடிவாவதால், கடைசி இடத்து அணி ஐந்தாம் தேர்வு வரை சரியலாம். சரியவும் செய்கிறது. 2023இலும் 2024இலும் கடைசி இடத்தில் இருந்த டெட்ராய்ட்டுக்கும், 2025இல் 17 வெற்றிகளோடு கடைசியாக வந்த யூட்டாவுக்கும் கிடைத்தது ஐந்தாம் தேர்வுதான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, லீக்கிலேயே அதிகம் தோற்ற அணி இருப்பதிலேயே கீழான பலனைப் பெற்றிருக்கிறது. அதே 2025இல் முதல் தேர்வையும், அதன்வழி இளம் நட்சத்திரமான கூப்பர் ஃபிளாகையும் வென்றது யார்? நம்மைப் போலவே 39-43 என்று முடித்த டல்லாஸ். இரண்டு அணிகளுக்கும் இடையிலான சமநிலையை முறிக்க நடந்த குலுக்கலில் அவர்கள் முன்னே போய் 1.8 விழுக்காடு வாய்ப்பைப் பெற்றார்கள், நமக்கு 1.7. அந்தக் குலுக்கல் மாறி விழுந்திருந்தால் ஃபிளாக் இன்று சிகாகோவில் இருந்திருப்பார் என்று வயிறெரிபவர்களைக் கண்டிருப்பீர்கள். எனக்கும் எரிந்தது. ஆனால் 2008இல் அதே 1.7 விழுக்காட்டில்தான் சிகாகோவுக்கு டெரிக் ரோஸ் கிடைத்தார் என்பதால், இந்த விஷயத்தில் நாம் யாரிடமும் நீதி கேட்க முடியாது.

ஆகவே தோற்பதைத் திட்டமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு: சராசரி வெற்றி எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக எதிர்காலத்தைச் செலவழிப்பதை நிறுத்துங்கள்.

எப்படிச் செலவழித்தோம் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இருந்தாலும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு தெரிகிறது. 2021இல் நிக்கோலா வூச்செவிச்சுக்காக வெண்டல் கார்ட்டரோடு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்தோம். அவற்றில் ஒன்றைக் கொண்டு அவர்கள் ஃபிரான்ஸ் வாக்னரை எடுத்தார்கள். 2024 கோடையில் டிரோசனை இழந்தபோது வந்து சேர்ந்தவை கிறிஸ் டுவார்ட்டேயும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும்தாம். லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான அலெக்ஸ் கரூசோவை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பி ஜாஷ் கிடியைப் பெற்றோம். கூடவே ஒரு தேர்வு கூட வரவில்லை, அதுவும் லீக்கிலேயே அதிகத் தேர்வுகளைக் குவித்து வைத்திருந்த அணியிடமிருந்து. ஸாக் லவீனை விற்றபோது கிடைத்த முக்கியமான பொருள், டிரோசனை வாங்குவதற்காகச் சான் அன்டோனியோவுக்கு நாமே கொடுத்திருந்த நம் சொந்தத் தேர்வு. அடகு வைத்த நகையை மீட்டது நல்லதுதான். அதைப் புது நகை வாங்கியதாகக் கணக்கெழுத முடியாது.

இந்த இடத்தில், தோற்றுக் கட்டிய அணிகளுக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் பிலடெல்பியாவையும் ஓக்லஹோமா சிட்டியையும் எடுத்து வைப்பார்கள். சாம் ஹிங்கி பொது மேலாளராக இருந்த மூன்று பருவங்களில் பிலடெல்பியா 19, 18, 10 என்று வென்றது. ஜோயல் எம்பீட் கிடைத்தார், 2023இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதையும் வென்றார்; ஆனால் இன்றுவரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. ஓக்லஹோமாவோ 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டே பருவங்கள் அடியில் இருந்துவிட்டு, 2025இல் 68 வெற்றிகளோடு கோப்பையைத் தூக்கியது. இரண்டும் தோற்றுக் கட்டிய அணிகள் என்று ஒரே மூச்சில் சொல்வது தவறு. ஓக்லஹோமாவின் ஆணிவேரான ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அவர்கள் தோற்றுப் பெற்றவர் அல்லர். 2019இல் எம்.வி.பி. வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்த பால் ஜார்ஜை, அவர் மதிப்பு உச்சத்தில் இருந்த அதே கோடையில் விற்றுப் பெற்றவர். அந்த விற்பனையில் கூடவே வந்த முதல் சுற்றுத் தேர்வுகளில் ஒன்றுதான் பன்னிரண்டாம் இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. தோல்வியிலிருந்து அவர்கள் பெற்ற பெரிய ஆட்டக்காரர் செட் ஹோம்கிரன். மற்றதெல்லாம் சரியான நாளில் விற்றதன் பலன். அந்தக் கோப்பையை ஏந்தியவர்களில் நம் கரூசோவும் ஒருவர் என்பதை நான் கொஞ்சம் கசப்போடுதான் எழுதுகிறேன்.

திரு. கார்னிஷோவஸ் அவர்களே, இது தங்களுக்குப் புதிய செய்தியாக இருக்க முடியாது. தாங்கள் டென்வர் நிர்வாகத்தில் இருந்தபோதுதான் 41ஆம் தேர்வில் நிக்கோலா யோக்கிச்சை எடுத்தார்கள். அவரைச் சுற்றி அவசரப்படாமல் கட்டிய அணி 2023இல் பட்டம் வென்றது. அந்தப் பொறுமையை எதிர்பார்த்துத்தான் 2020இல் தங்களைச் சிகாகோ வரவேற்றது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் அதன் முழு வலிமையோடு சொல்லிவிடுகிறேன். 2023இல் பிளே-இன்னில் நம்மைத் தோற்கடித்த அதே மயாமி, எட்டாம் இடத்திலிருந்து இறுதிச்சுற்று வரை போனது. அன்று நாம் வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? வெற்றிக்கு அதற்கேயுரிய மதிப்பு உண்டு. கடந்த மார்ச்சில் லேக்கர்ஸுக்கு எதிராகக் கிடி பாதி மைதானத்துக்கு அப்பாலிருந்து வீசிய பந்து, நேரம் முடியும் நொடியில் வளையத்தில் விழுந்து 119-117 என்று ஆட்டம் முடிந்தபோது அந்த அரங்கில் எழுந்த கூச்சலை, டிராஃப்ட் வாய்ப்பைக் குறைத்த ஒரு தேவையற்ற வெற்றி என்று எழுத எனக்கு மனம் வராது. 24-38 என்று இருந்த அணி கடைசி 20 ஆட்டங்களில் 15ஐ வென்றது. இளம் ஆட்டக்காரர்கள் வென்று பழகினார்கள். அது தானாக வந்த வெற்றி. அதை நான் கொண்டாடுகிறேன்.

ஆனால் மயாமிக்கு ஜிம்மி பட்லர் இருந்தார், பாம் அடெபாயோ இருந்தார். நம்மிடம் அப்படி ஒருவர் இல்லாதவரை மயாமியின் கதை நமக்குப் பொருந்தாது. அதே 2023 ஏப்ரலில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். பருவம் முடிய இரண்டே ஆட்டங்கள் இருக்க, பிளே-இன் வாய்ப்பு இன்னும் மிச்சமிருந்தபோதே டல்லாஸ் தன் முன்னணி ஆட்டக்காரர்களை உட்கார வைத்தது. எதிரணி நாம்தான், 115-112 என்று வென்றோம். லீக் டல்லாஸுக்கு 7,50,000 டாலர் அபராதம் விதித்தது. சரியான தண்டனைதான். ஆனால் அந்தத் தோல்வியால் கையில் தங்கிய பத்தாம் தேர்வைக் கொண்டு இரண்டிடம் இறங்கி டெரெக் லைவ்லியை எடுத்தார்கள், அடுத்த ஆண்டு இறுதிச்சுற்றில் ஆடினார்கள். அன்று வென்ற நாம், அடுத்த வாரமே வீடு திரும்பினோம். நம்முடைய அந்த ஆண்டுத் தேர்வு ஏற்கெனவே ஆர்லாண்டோவிடம் போயிருந்தது. டல்லாஸ் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்பது என் வாதம் இல்லை. நம்மிடம் அடுத்து என்ன என்ற கணக்கே இல்லாதிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

திரு. ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் அவர்களே, இந்தப் பகுதி தங்களுக்கு. சில நகரங்களில் அணி இரண்டு ஆண்டு சரிந்தால் அரங்கம் காலியாகிவிடும் என்ற அச்சம் உண்மையானது. சிகாகோவுக்கு அந்த அச்சம் இல்லை. 20,917 இருக்கைகள் கொண்ட அரங்கத்தை நிரப்புவதில் தங்கள் அணி நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் லீக்கின் முன்வரிசையில் இருக்கிறது. சம்பளச் செலவு வரம்பை மீறும் அணிகள் லீக்குக்குக் கட்டும் லக்சரி டாக்ஸையும் தாங்கள் இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் கட்டியிருக்கிறீர்கள். காத்திருக்கும் வசதி வேறெந்த அணியையும்விடத் தங்களுக்கு அதிகம். அந்த வசதியைத் தந்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள். அவர்களிடம் திட்டத்தை வெளிப்படையாகச் சொல்லும் கடமையும் அதனாலேயே வருகிறது.

இப்போது கையில் இருப்பவற்றைப் பார்க்கிறேன். மாடஸ் புசெலிஸ், நோவா எசெங்கே என்று இரண்டு இளைஞர்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கிடி. நம் சொந்த முதல் சுற்றுத் தேர்வுகள் எல்லாம். போர்ட்லண்ட் அணி பிளேஆஃபை எட்டி லாட்டரியிலிருந்து வெளியேறும் ஆண்டில் அவர்களிடமிருந்து வந்து சேர வேண்டிய ஒரு தேர்வு. அதோடு வூச்செவிச், கோபி வைட், அயோ டொசுன்மு ஆகிய மூவரின் ஒப்பந்தங்களும் இந்தப் பருவத்தோடு முடிகின்றன. மூவரையும் வேறு அணிகள் விரும்பும். மூவரையும் வைத்துக்கொண்டு மறுபடியும் 39 ஆட்டங்களை வெல்லலாம், பிறகு கோடையில் அவர்கள் வெறுங்கையோடு போவதையோ, போய்விடக்கூடாதே என்று கூடுதல் விலை கொடுப்பதையோ பார்க்கலாம். பாட்ரிக் வில்லியம்ஸுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் கொடுத்த கோடையை நான் இங்கே விரித்துப் பேசப்போவதில்லை.

பயிற்சியாளர் பில்லி டொனவனிடம் தோற்கச் சொல்லாதீர்கள். அவர் ஒவ்வோர் இரவும் வெல்லவே முயலட்டும், ஆட்டக்காரர்களும் முயலட்டும். யாரைக் கொண்டு ஆடுகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது மட்டும்தான் தங்கள் வேலை. பருவம் நன்றாகத் தொடங்கினாலும் சரி, மோசமாகத் தொடங்கினாலும் சரி, டிசம்பரிலேயே இந்த மூவரில் யார் இந்த அணியின் அடுத்த ஐந்தாண்டில் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்று முடிவெடுங்கள். இருக்கமாட்டாதவர்களை, அவர்களுக்கு மதிப்பு இருக்கும்போதே முதல் சுற்றுத் தேர்வுகளுக்கோ இளம் ஆட்டக்காரர்களுக்கோ மாற்றுங்கள். அதனால் வெற்றிகள் குறைந்தால் குறையட்டும். அதைச் சமாளிக்க நடுவயது ஆட்டக்காரர் ஒருவரை ஏப்ரல் வரை வாடகைக்கு எடுக்காதீர்கள். எடுத்த முடிவை டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

டிரேடு காலக்கெடு 2026 பிப்ரவரி 5. அதற்கு மறுநாள் நான் தங்களிடம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான்: இன்று நம் கையில் இல்லாத எந்த முதல் சுற்றுத் தேர்வு அன்று நம் கையில் இருக்கிறது?

இப்படிக்கு,
சிகாகோ புல்ஸ் இரசிகன் ஒருவன்