கிளம்புவதா, இருப்பதா: ஹூஸ்டனிலிருந்து ஒரு கடிதம்

ஹூஸ்டன்
18.5.2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேரனுக்குப் பல் முளைத்ததையும், உன் மாமியார் ஃபுளோரிடா வெயிலுக்கு ஒருவழியாகப் பழகிவிட்டதையும் படித்து மகிழ்ந்தேன். கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. ஜூன் பிறந்தால் புயல் காலம் என்கிறார்களே, ஒன்று வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதா, வீட்டுக்குள்ளேயே இருப்பதா என்று கேட்டிருந்தாய். கடந்த இருபது வருடங்களில் இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கு நான்கு முறை வந்திருக்கிறது. ஒரு முறை போகக்கூடாத நேரத்தில் போனேன். ஒரு முறை இருந்தது சரியாக அமைந்தது. ஒரு முறை இருந்து, மயிரிழையில் தப்பினேன். நான்காவதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே இதை அவசரமில்லாமல் எழுத நினைத்தேன்.

முதலில் 2005 செப்டம்பர். கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்து மூன்று வாரங்கள்தான் ஆகியிருந்தன. கூரைமேல் நின்று கையசைத்தவர்களின் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து எங்களுக்குத் தூக்கம் போயிருந்த நேரத்தில், ரீட்டா மெக்சிகோ வளைகுடாவில் உச்ச வகையான ஐந்தாம் வகைப் புயலாக வளர்ந்து எங்கள் பக்கம் திரும்புகிறது என்று சொன்னார்கள். ஹூஸ்டனுக்கு மேற்கே, கடலிலிருந்து ஐம்பது அறுபது மைல் உள்ளே, கேட்டி என்ற ஊரில் எங்கள் வீடு. எங்களை யாரும் கிளம்பச் சொல்லவில்லை. ஆனால் தெருவே மூட்டை கட்டியது, நாங்களும் கட்டினோம். 22ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குக் காரை எடுத்தோம். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஹன்ட்ஸ்வில் ஊரை அடைந்தபோது இரவு பதினொரு மணி. அன்று அனல் பறந்த வெயில். பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்துவிட்டோம். நான் எவர்சில்வர் டப்பாவில் கட்டி எடுத்துப் போன தயிர்சாதம் மதியத்திற்குள் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியது. அப்போது எழுபத்தெட்டு வயதான என் மாமியார் பின் இருக்கையில் கால் வீங்கி, வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல், என் மகளின் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே இருந்தார். சாலையோரம் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போன ஒரு பெண்மணி எங்கள் காரை மூன்று முறை முந்திச் சென்றார். அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை, ஒரு தேவாலயக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. ஹூஸ்டன் பகுதி முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து டாலஸ் நோக்கிப் போன பேருந்து, டாலஸை நெருங்கும் நேரத்தில் தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆக்சிஜன் உருளைகள் வெடித்து, 23 முதியவர்கள் இறந்துபோனார்கள். ரீட்டாவோ 24ஆம் தேதி விடியலில் எங்களுக்கு வெகு கிழக்கே, டெக்சஸ் லூசியானா எல்லையில் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டில் ஒரு மரக்கிளை முறிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஊர்வலத்தில் 25 லட்சம் பேருக்கு மேல் சாலைக்கு வந்தார்கள் என்றும், டெக்சஸில் நூற்றுக்கும் மேற்பட்டோர் புயலால் அல்லாமல் இந்த இடம்பெயர்விலேயே உயிரிழந்தார்கள் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. உண்மையிலேயே வெளியேற வேண்டியிருந்த கால்வெஸ்டன் தீவுக்காரர்கள், போகத் தேவையே இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குப் பின்னால், அதே சாலையில், அதே வெயிலில் சிக்கிக்கொண்டு நின்றார்கள். பயத்தில் கிளம்பிய நான் அவர்களுடைய இடத்தை எடுத்துக்கொண்டேன்.

இதன் பிறகு இங்கே பலர் இனி எதற்கும் வீட்டைவிட்டு அசைய மாட்டோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். 2008 செப்டம்பரில் ஐக் வந்தபோது அந்த முடிவு கடலோரத்தில் பலரைக் கொன்றது. காற்றின் அளவில் ஐக் இரண்டாம் வகைதான். கேட்டவர்களுக்கு "இரண்டுதானே" என்று தோன்றியது. ஆனால் பரப்பில் அது மிகப் பெரிய புயல். தன்முன் தள்ளிக்கொண்டு வந்த கடல் பொலிவார் தீபகற்பத்தில் 15 அடிக்கு மேல் ஏறியது. தாழ்வான கடலோரத்தில் ஓரடுக்கு, ஈரடுக்கு வீடுகளில் தங்குபவர்களுக்கு மரணம் நிச்சயம் என்று வானிலை அலுவலகமே எழுத்தில் எச்சரித்திருந்தது. சில மாதம் கழித்து உதவிப் பொருள்களோடு அங்கே போயிருந்தேன். கில்கிரைஸ்ட் என்ற ஊர் இருந்த இடத்தில் வீடுகளைத் தாங்கியிருந்த மரத்தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு தூணில் வீட்டு எண் அப்படியே அடித்திருந்தது. மேலே வீடு இல்லை. அதே ஐக் இரவில் நாங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஜன்னல் இல்லாத அறையில் மெத்தையைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தோம். கூரை ஓடு கொஞ்சம் போனது, பதின்மூன்று நாள் மின்சாரம் இல்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஒரே புயல், ஒரே இரவு. அவர்கள் போயிருக்க வேண்டும், நாங்கள் இருந்தது சரி.

இங்குள்ள பழைய ஆட்கள் தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்பார்கள். நான் உனக்குச் சொல்ல நினைப்பதன் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை அவர்கள் சொல்லும் வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இந்தப் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தது, கடல் பொங்கி ஊருக்குள் ஏறியதால். நல்ல செங்கல் வீடு காற்றைத் தாங்கும். மார்பளவு கடல்நீரைத் தாங்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. சக்கரத்தின்மேல் வைத்த மொபைல் ஹோம் வாசிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் எந்த வகைக்கும் கிளம்பியாக வேண்டும்.

தாம்பா வளைகுடாக் கரையில் இருக்கும் உன் பினெல்லாஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) விஷயத்திற்கு வருகிறேன். கடந்த ஆண்டு இரண்டே வாரத்தில் அங்கே இரண்டு பாடங்கள் நடந்தன. நீ ஜனவரியில்தான் வந்தாய் என்பதால் எழுதுகிறேன். செப்டம்பர் 26 இரவு ஹெலீன் உங்கள் கரையைத் தொடவே இல்லை. வடக்கே பெர்ரி ஊர்ப்பக்கம் கரையைக் கடந்தது. அதன் மையம் உங்களை நூறு மைல் தள்ளியே கடந்து போயும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடல் ஆறடிக்கு மேல் ஏறியது. அந்த ஊரில் அளவு குறிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஏறியதில்லை. பினெல்லாஸ் கவுண்டியில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளியேறச் சொல்லியும் வீட்டில் இருந்தவர்கள். அக்டோபர் 9 இரவு மில்டன் வந்தது. அது அதைவிடப் பயங்கரமாக இருக்கும் என்று எல்லோரும் நடுங்கினார்கள். ஆனால் மையம் உங்களுக்குத் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியதால், தாம்பா வளைகுடாவில் காற்று கரையிலிருந்து கடல் நோக்கி வீசி, தண்ணீர் உள்வாங்கிப் போனது. இங்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மேற்கிலிருந்து வரும் புயலின் மையம் உங்களுக்கு வடக்கே கடந்தால் கடல் உள்ளே வரும், தெற்கே கடந்தால் வெளியே போகும். அந்த முப்பது நாற்பது மைல் வித்தியாசத்தை முந்தின நாள் வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வரைபடத்தில் வரையும் கூம்பு மையம் போகக்கூடிய பாதையைக் காட்டுகிறது. கூம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்று அது சொல்லவில்லை. மில்டனுக்குப் பயந்து போனோம், ஒன்றும் நடக்கவில்லையே என்று உன் பக்கத்து வீட்டார் சொன்னால், அதைக் கேட்டுத் தயங்காதே. அவர்கள் போனது சரியான முடிவு.

உன் மகள் வீடு ஏ மண்டலம், அதாவது கடல் ஏறும் என்றால் முதலில் வெளியேறச் சொல்லும் பகுதி, என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் எனக்கு இதில் இரண்டு எண்ணம் இல்லை. ஏ மண்டலத்திற்கு உத்தரவு வந்தால் நீங்கள் போக வேண்டும். என் மனதில் இருப்பதைச் சொல்வதானால், உத்தரவுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. பலத்த காற்று தொடங்க 48 மணி நேரம் இருக்கையில் முதல் கண்காணிப்பு அறிவிப்பை விடுவார்கள். 36 மணி நேரம் இருக்கையில் எச்சரிக்கை. இரவும் பகலும் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருக்கும் எண்பத்துமூன்று வயது மாமியாரை வைத்துக்கொண்டு நீங்கள் முதல் அறிவிப்பிலேயே கிளம்பிவிட வேண்டும். பினெல்லாஸ் மூன்று பக்கம் தண்ணீர். பாலங்களில் காற்று பலத்தால் மூடிவிடுவார்கள். மில்டன் அக்டோபர் 5 அன்று பெயர் பெற்று, 7 அன்று ஐந்தாம் வகையாகி, 9 அன்று கரையேறியது. இடையில் பல பெட்ரோல் நிலையங்கள் வற்றிப் போயின. யோசிப்பதற்குக் கிடைத்த நாள்கள் இரண்டுதான்.

ஆனால் எங்கே போவது என்பதில் நான் செய்த தவற்றை நீ செய்யாதே. அட்லாண்டாவுக்கோ என்னிடமோ வர வேண்டியதில்லை. பத்து, இருபது மைல் தள்ளி, மண்டலத்திற்கு வெளியே, மேடான நிலத்தில் உள்ள உறுதியான வீடு போதும். லேக்லாண்டில் மருமகனின் சிநேகிதர் குடும்பம் இருப்பதாகச் சொன்னாயே, அவர்களிடம் இப்போதே, வெயில் அடிக்கும் மே மாதத்திலேயே, வெட்கப்படாமல் கேட்டு வைத்துவிடு. புயல் வந்த பிறகு கேட்டால் அவர்கள் வீட்டில் நான்கு குடும்பம் இருக்கும். கவுண்டியில் சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். மாமியார் பெயரை அதில் எழுதி வை. மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடுள்ள முகாமும், தேவைப்பட்டால் வண்டியும் அதன் மூலம் கிடைக்கும்.

மூன்றாவது அனுபவம், 2017 ஆகஸ்ட், ஹார்வி. அப்போது நகர மேயரும், கவுண்டி நீதிபதி என்று இங்கே அழைக்கப்படும் கவுண்டியின் தலைமை நிர்வாகியும் வெளியேறச் சொல்லவில்லை. ரீட்டாவை நினைவில் வைத்து எடுத்த முடிவு அது. 60 லட்சம் பேரை மழைக்கு நடுவே சாலையில் நிறுத்தியிருந்தால் இன்னும் பலர் இறந்திருப்பார்கள் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் நாங்கள் கடலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் வானத்திலிருந்து வந்தது. நெடர்லாந்து ஊரில் 60 அங்குலத்திற்கு மேல் பெய்தது. எங்கள் பக்கத்துப் பார்க்கர் நீர்த்தேக்கம் நிரம்பி, அதன் பின்புறக் குடியிருப்புகளுக்குள் பரவியது. அந்தத் தெருக்கள் நீர்த்தேக்கத்தின் வெள்ளப்பரப்புக்குள்ளேயே கட்டப்பட்டவை என்பது அங்கே வாழ்ந்த பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நான் இரவு முழுவதும் என் மகளின் சாக்கட்டியால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் அரை மணிக்கு ஒரு கோடு போட்டேன். ஐந்தாவது கோட்டில் தண்ணீர் நின்றது. இரண்டு தெரு தள்ளி அது நிற்கவில்லை. அதனால், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பதோடு விட்டுவிடாமல், வீட்டுத் தரை எவ்வளவு உயரம், மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் கேட்டு அறிந்துகொள். வெள்ளக் காப்பீடு வாங்கினால் பொதுவாக 30 நாள் கழித்தே செல்லுபடியாகும் என்பதையும் மகளிடம் சொல்.

கடைசியாகச் சென்ற ஆண்டு ஜூலையில் வந்த பெரில் வெறும் முதல் வகை. 22 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஐந்து நாள் இருட்டில் எனக்கு எரிச்சல் மட்டுமே. எதிர்வீட்டுப் பெரியவருக்கோ அது மூச்சுத்திணறலாக மாறியது. மூன்றாம் நாள் அவரை ஆஸ்டினில் இருக்கும் அவர் மகன் வீட்டுக்கு நாங்களே கொண்டுபோய் விட்டோம். அவரையும் முன்பே அழைத்துப் போகாதது என் தவறு. புயலுக்கு முன் நான் அவர் கூரையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். அவர் உயிர் எந்தச் சுவிட்சில் தொங்குகிறது என்று பார்க்கவில்லை. ஜெனரேட்டர் வாங்கலாமா என்று மருமகன் கேட்டாராம். வாங்கட்டும், ஆனால் வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, திறந்தவெளியில்தான் ஓட வேண்டும். கராஜுக்குள் வைத்து ஓட்டிய குடும்பங்கள் தூக்கத்திலேயே போயிருக்கின்றன.

இத்தனையும் எழுதிய பிறகும், வீட்டை விட்டுப் போகும்போது மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். பூஜை அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் அந்த ஒரு நிமிடம் கடினமானது. பத்திரங்கள், மாத்திரைகள், மாமியாரின் கண்ணாடி, பேரனின் பால் பொடி ஆகியவற்றை ஒரே பையில் ஜூன் முதல் தேதியே கட்டி வாசலருகே வைத்துவிட்டால் அந்த நிமிடம் சற்றுச் சுருங்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்த கடிதத்தில் எனக்கு இரண்டு விவரம் எழுது. வீட்டின் உயரச் சான்றிதழில் தரைமட்டம் எத்தனை அடி என்று போட்டிருக்கிறது? மாமியாரின் இயந்திரத்துக்கு அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கிறது? அந்த எண் தெரிந்தால், எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்று இவரிடம் கணக்குப் போட்டு வாங்கி அனுப்புகிறேன்.

உன் அன்புத் தோழி