சனிக்கிழமைப் பசுமை வகுப்பு குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். முதல் பருவம் நல்லபடியாகப் போனது. பன்னிரண்டாம் வகுப்பு நன்றாக உழைக்கிறது. பத்தாம் வகுப்பு கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும். குறுவட்டப் போட்டிகளில் கால்பந்து அணியும் கேரம் பிள்ளைகளும் பரிசோடு வந்தார்கள். சுதந்திர தினம், ஆசிரியர் தினம் இரண்டும் சிறப்பாக நடந்தன. மதிப்பெண் அட்டை பள்ளி திறந்த முதல் வாரத்தில் கைக்கு வரும். பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் சனிக்கிழமை காலையில் நடக்கும் பசுமைத் திறன் வகுப்பு. ஜூலையில் 46 பேரோடு ஆரம்பித்தோம். போன சனிக்கிழமை 19 பேர் வந்தார்கள். வராத பிள்ளைகளில் பலர் வீட்டிலிருந்து சீட்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாச் சீட்டையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை.

அவற்றில் நியாயமான குறைகள் உண்டு. முதல் இரண்டு வாரம் கையுறை வந்து சேரவில்லை, அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டோம். ஒரு பிள்ளைக்குக் கையில் அரிப்பு வந்தது. அது எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குப் பெண் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதும் சரிதான். மாடியில் கைப்பிடிச் சுவர் உயரமானது, இரண்டு ஆசிரியர்கள் கூடவே நிற்கிறார்கள். ஆனாலும் சொல்லாமல் செய்தால் மனசு பதறும். நானும் பிள்ளை வளர்த்தவள்.

"படிக்கத்தான் அனுப்புகிறோம், குப்பை கிளற இல்லை" என்று ஏழெட்டுச் சீட்டில் இருந்தது. அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று நாங்கள் சரியாகச் சொல்லாததால் வந்த வருத்தம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், மீந்த சோறு, வேப்பமரத்துச் சருகு எல்லாவற்றையும் ஓட்டை போட்ட இரண்டு டிரம்மில் போட்டு உரமாக்குகிறார்கள். முதல் டிரம் நாறியது. பக்கத்து வீட்டிலிருந்துகூட வந்து கேட்டார்கள். ஏன் நாறியது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டோம். சாம்பார் சோறு அதிகம், சருகு குறைவு, உள்ளே காற்றுப் போகவில்லை. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும், அதுதான் நாற்றம். தேங்காய் நாரும் காய்ந்த இலையும் சேர்த்துக் கிளறியதும் நாற்றம் போய், அடுத்த சில நாளில் டிரம்முக்குள் வெப்பமானி 56 டிகிரி காட்டியது. இதையே கார்பன், நைட்ரஜன் விகிதம் என்று பாடத்தில் எழுதிப் போட்டால் தூங்கும் பையன்கள், அன்றைக்கு முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

மாடியில் பழைய மாணவர்கள் வாங்கித் தந்த 100 வாட் சோலார் பலகை ஒன்று இருக்கிறது. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, அதனால் பலகையைத் தெற்கே பார்த்துக் கிட்டத்தட்ட அதே அளவு சாய்த்து வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நிறுத்தியது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். நம் பகுதியில் லாரித் தூசி எப்படிப் படியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துடைப்பதற்கு முன் ஒரு தடவை, துடைத்த பின் ஒரு தடவை, பலகை தரும் மின்சாரத்தை மல்டிமீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கிப் பாருங்கள்.

இது பாடத்திட்டத்தில் இல்லாத வேலை என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்கள். சுற்றுச்சூழலைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. நாங்கள் அதைச் செய்துபார்க்கும் பாடமாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

வேறு ஊர்ப் பள்ளி இதை விட்டுவிட்டாலும் நாம் விட முடியாது. நம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு 300 ஏக்கருக்கும் மேல். அது எரியும் இரவுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் நாம். ஈரக்குப்பையும் காய்ந்த குப்பையும் ஒன்றாகக் குவிந்தால் அடியில் மீத்தேன் சேரும், தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது. குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்வது இதனால்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்கள் குவளையை வைத்து, கையுறைகூட இல்லாமல் அதை அள்ளியதை நம் பிள்ளைகள் பார்த்தார்கள். சிலருக்கு அது மாமா வீடு, பெரியப்பா வீடு. இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைக்கு மண்ணையும் தண்ணீரையும் சோதித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நின்றது. நம் தாத்தாக்கள் நிலக்கரியை நம்பிப் பிழைத்த இடம் அது. 2025 ஜூனில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அவற்றுக்கு பேட்டரி தெரிந்த, மோட்டார் தெரிந்த ஆட்கள் வேண்டும். வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மாட்டவும் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்படுகிறது. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போகும் பையனுக்கும், பன்னிரண்டு முடித்துப் பொறியியல் போகும் பெண்ணுக்கும் இன்று மாடியில் பிடிக்கும் மல்டிமீட்டர் உதவும். எல்லோருக்கும் உடனே வேலை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மற்றவர்களுக்கு ஒரு படி முன்னால் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

சில வாரங்களுக்கு முன் மாலை, பள்ளி விடும் நேரத்தில், இந்த வகுப்பைப் பற்றிப் பேச வந்த ஒரு பெற்றோர் வாசலில் நின்று சத்தமாக ஒன்று சொன்னார். குப்பை வேலை யார் செய்ய வேண்டிய வேலை என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். தூய்மைப் பணியாளர் ஒருவரின் பிள்ளை அங்கே நின்றுகொண்டிருந்தது. அடுத்த இரண்டு நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. யார் என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் விசாரிக்க வேண்டாம்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குள்ளோ வாசலிலோ ஒருவருடைய தொழிலையோ பிறப்பையோ சொல்லி இழிவாகப் பேச எவருக்கும் அனுமதி கிடையாது. இன்னொரு முறை நடந்தால் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்தில் வைப்பேன், சட்டப்படி செய்ய வேண்டியதையும் செய்வேன். இந்த வகுப்பில் எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் முறைவைத்துச் செய்யும். டிரம் கிளறுவதற்குச் சிலர், சோலார் பலகைக்குச் சிலர் என்று வீடு பார்த்துப் பிரிக்கச் சொல்லி வந்த இரண்டு சீட்டுகளை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன். நாம் தூங்கி எழுவதற்குள் தெருவைக் கூட்டி முடிக்கிறவர்களின் பிள்ளைகள் இங்கே தலைநிமிர்ந்து உட்கார வேண்டும்.

உங்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி நினைக்கிறவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே அந்தத் தாயிடம் போய்ப் பேசிவிட்டு வந்த மூன்று அம்மாக்களை நான் மறக்க மாட்டேன்.

இந்த வகுப்பு நடப்பதே உங்கள் கையால்தான். எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஓர் அப்பா இரண்டு சனிக்கிழமை கூலியை விட்டுவிட்டு வந்து ஒயரிங் சொல்லிக்கொடுத்தார். டீக்கடை வைத்திருக்கும் குடும்பம் தினமும் டீத்தூள் சக்கையைத் தனியாக எடுத்துவைத்துத் தருகிறது. ஒரு பாட்டி முருங்கைக் கிளையும் கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

விடுமுறைக்குப் பின் சில மாற்றங்கள் செய்கிறோம். டியூஷன் பிள்ளைகளுக்காக வகுப்பு 9 மணி முதல் 10.30 வரை மட்டும். கையுறையும் சோப்பும் இல்லாமல் எந்த வேலையும் ஆரம்பிக்காது. மாடிக்கு உங்கள் கையெழுத்து இருந்தால் மட்டுமே அனுப்புவோம். அப்புறம், பருவமழைக்கு முன் தூர்ந்து கிடக்கும் மழைநீர்த் தொட்டியைச் சரிசெய்ய வேண்டும். கூழாங்கல்லும் மணலும் வாங்கிவிட்டோம். பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை அந்த வேலைதான். வர முடிந்த அப்பாக்கள், அம்மாக்கள் ஒரு மணி நேரம் வாருங்கள். சீட்டு எழுதியவர்கள் அவசியம் வாருங்கள், நேரில் பேசலாம். டீ உண்டு.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டைக் கிழித்து, பள்ளி திறக்கும் அன்று வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்