வயோலா வாசிப்பவர்கள் தேறாதவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு வயலின், அவற்றைவிடச் சற்றுப் பெரிய வயோலா, செல்லோ ஆகிய நான்கும் சேரும் நால்வர் இசைக்குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், வயலினில் தேறாதவர்கள் போய்ச் சேரும் இடம் வயோலா என்று ஒரு வரி இருக்கிறது. தாங்கள் படித்துப் பார்த்துத்தானே அதை அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்? அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

பால் ஹிண்டமித் ஃபிராங்க்ஃபர்ட் ஓபரா இசைக்குழுவில் தலைமை வயலின் கலைஞராக இருந்தவர். அமர் நால்வர் குழுவில் அவர் வாசித்தது வயோலா. வில்லியம் பிரிம்ரோஸ் வயலினில் பெயர் பெற்ற பிறகே 1930-இல் லண்டன் நால்வர் குழுவில் வயோலாவுக்கு மாறினார். இசையமைப்பாளர் பார்டோக்கின் வயோலா கான்செர்ட்டோ, அதாவது இசைக்குழுவோடு வயோலா தனித்து முன்னின்று வாசிக்கும் படைப்பு, பிரிம்ரோஸ் கேட்டு எழுதப்பட்டது. மொசார்ட்டும் நண்பர்களோடு நால்வர் இசை வாசிக்கையில் வயோலாவையே விரும்பினார். இவர்களில் யார் தேறாதவர்? தாங்கள் அறியாததல்ல இது.

வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கும் வாத்தியம் வயோலா. அந்தச் சுருதிக்கு முழுப் பொருத்தமான அளவில் செய்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. அதனால் அந்த அளவைவிடச் சிறிய உடலிலிருந்து ஆழ்ந்த நாதத்தை வரவழைக்க வேண்டியிருக்கிறது. வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் புதிதாகப் பழக வேண்டும். வயலினில் கைதேர்ந்தவர்களே இதில் திணறுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எழுத உட்கார்ந்த பிறகு பழையதும் நினைவுக்கு வருகிறது. இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் முதல் நால்வர் இசையை எங்கள் குழு வாசித்தது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் தனிக்குரல் வயோலாவுடையது. தங்கள் இதழின் விமர்சனமோ அந்தத் தொடக்கத்துக்காக முதல் வயலினைப் பாராட்டியது. கூடவே வந்த படத்தில் மூவர்தான் இருந்தார்கள். நான் இருந்த ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அன்று பொறுத்துக்கொண்டேன்.

வயோலா கலைஞருக்குத் தனிக்கச்சேரி அழைப்பு அபூர்வம். நால்வர் குழுவும் பாடம் சொல்லிக்கொடுப்பதுமே எங்களில் பலருக்குப் பிழைப்பு. அச்சில் பெயரே வராவிட்டால் அடுத்த அழைப்பு எங்கிருந்து வரும்? என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் சிலர், தண்டனை பெற்றவர்களைப் போல இந்த வாத்தியத்தைக் கையில் வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட வரிகளைப் படித்த பெற்றோர் வீட்டில் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி நால்வர் குழுவின் படம் போட்டால் நான்கு பேரின் பெயரையும், யார் எதை வாசிக்கிறார் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயோலா கலைஞர்