மத்திய அரசு 'வழங்கிய' அதிகாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் நாளிதழில் ஒரு செய்தியில் 'மத்திய அரசு மாநிலங்களுக்கு வழங்கியுள்ள அதிகாரங்கள்' என்று ஒரு வரி வந்திருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 34 வருடம் பள்ளியில் வரலாறும் குடிமையியலும் நடத்தியவன் நான். பரீட்சையில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.

மத்திய அரசு யாருக்கும் எதையும் வழங்கவில்லை. மாநிலத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் வருவது அரசியல் சாசனத்தின் 246வது பிரிவிலிருந்து. டெல்லிக்கு வருவதும் அதே பிரிவிலிருந்துதான். ஒரே பத்திரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் பாகம் எழுதி வைத்த மாதிரி. மூத்தவன் பாகம் பெரிது, மறுக்கவில்லை. எந்தப் பட்டியலிலும் சேராத மிச்சம் மீதியும் அவனுக்கே. அதற்காக இளையவன் குடியிருக்கும் வீட்டை அண்ணன் கொடுத்தான் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

நான் வேலைக்குச் சேர்ந்தது 1974-இல். எதில் யார் சட்டம் போடலாம் என்று சாசனம் பிரித்துச் சொல்லும் ஏழாவது அட்டவணையை நடத்தும்போது கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன்: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவரும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியல். முதல் இரண்டு வருடம் 'கல்வி' நடுக்கட்டத்தில் இருந்தது. 42வது திருத்தம் 1977 ஜனவரியில் இந்த அட்டவணைக்கு அமலானதும் அது மூன்றாவது கட்டத்துக்குப் போனது. காடுகள், எடை அளவு, வனவிலங்குப் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் எல்லாம் கூடவே போயின. பழைய பாடப்புத்தகத்தில் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஏன் சார் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை அது.

இந்தப் பட்டியல்களில் கை வைக்க நாடாளுமன்றம் மட்டும் போதாது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஒப்ப வேண்டும் என்கிறது 368வது பிரிவு. டெல்லியின் கையைக் கட்டிப்போட்ட முக்கியமான கயிறு அது. ஆனால் அப்போது நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்றே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். நம் சட்டமன்றம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லச் சட்டமன்றமே இல்லை.

பொதுப்பட்டியல் என்றதும் ஆளுக்குப் பாதி என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும், 254வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதே பிரிவில் ஒரு பக்கவாசலும் உண்டு. மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் அது செல்லும். ஜல்லிக்கட்டு திரும்பி வந்தது அந்த வாசல் வழியாகத்தான். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017-இல் தனித் திருத்தம் போட்டு ஒப்புதல் வாங்கியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது.

நீட் விலக்கு மசோதாவும் அதே வாசலைத்தான் தட்டியது. 2022-இல் இரண்டாம் முறையாக நிறைவேற்றி அனுப்பினார்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை, எங்கள் வீட்டிலேயே அதில் இரண்டு கட்சி. ஆனால் குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறவர். ஆக, மத்தியச் சட்டத்திலிருந்து விலகிக்கொள்ளட்டுமா என்று மத்திய அரசையே கேட்க வேண்டியிருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி.

டெல்லிக்குக் கடிவாளமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நான் வகுப்பெடுத்த காலத்தில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை இங்கே மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் 356வது பிரிவு பாய்ந்தது. 1994-இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், கலைப்பு சரியா என்று நீதிமன்றம் பார்க்கலாம், பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் தமிழ்நாட்டில் ஒரு முறையும் அது வரவில்லை.

தங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். எந்த மசோதாவைப் பற்றிச் செய்தி போட்டாலும், அது எந்தப் பட்டியலில் எத்தனையாவது இனம் என்று ஒரு வரி சேருங்கள். கல்வி என்றால் 'பொதுப்பட்டியல், 25' என்று போட்டால் போதும். இடம் போதாது என்றால் ராசிபலனில் ஒரு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். என் ராசியிலேயே குறைத்தாலும் சம்மதம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்